கோடை விடுமுறைக்கு முந்தைய ஆறு வாரங்கள்

2025 ஏப்ரல் 15 அன்று தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. மீன் இனப்பெருக்கக் காலம் என்பதால் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் அன்று தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் தடை. அதே நாளில்தான் தமிழ்நாடு முழுவதும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் முடிந்தது. லாஞ்சுகளுக்கு ஓய்வு, தேர்வெழுதிய பிள்ளைகளுக்கு விடுமுறை. ஆசிரியர்களுக்கு அன்று எதுவும் முடியவில்லை.

பிளஸ் டூ விடைத்தாள்கள் திருத்தும் மையங்களில் கட்டுக்கட்டாக இருந்தன. பத்தாம் வகுப்பு விடைத்தாள்கள் அடுத்து வரவிருந்தன. கீழ் வகுப்புகளுக்கு ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் தேர்ச்சிப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், எமிஸ் எனப்படும் பள்ளித் தகவல் இணையதளப் பதிவு என்று வரிசை நீண்டது. அரசுப் பள்ளிகளில் அடுத்த கல்வியாண்டுக்கான மாணவர் சேர்க்கை மார்ச் 1ஆம் தேதியே தொடங்கிவிட்டதால், வீடு வீடாகப் போய் "உங்க பிள்ளைய நம்ம பள்ளிக்கூடத்துல சேருங்க" என்று கேட்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டு பிளஸ் டூ தேர்வு மார்ச் 3இலும் பிளஸ் ஒன் தேர்வு 5இலும் பத்தாம் வகுப்புத் தேர்வு 28இலும் தொடங்கின. மூன்று பொதுத்தேர்வுகளும் நடந்து முடிய ஆறு வாரங்கள். ஓர் ஆண்டு முழுக்க நடத்திய பாடம் அந்த ஆறு வாரங்களில் ஒரு சதவீதக் கணக்காக மாறுகிறது.

"டீச்சருக்கென்ன, மே மாசம் முழுக்க லீவு" என்ற பேச்சைக் கேட்காத ஆசிரியர் இல்லை. கடந்த ஐம்பது ஆண்டுகளில் உளவியலாளர்களும் உடலியலாளர்களும் ஆசிரியர்களின் உமிழ்நீரையும் குரலையும் தூக்கத்தையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது அந்தப் பேச்சோடு கொஞ்சமும் ஒத்துப்போகவில்லை.

தேர்வறையில் நிற்பதிலிருந்தே தொடங்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் அது வேலையாகவே தெரியாது. காலை 10 மணிக்கு வினாத்தாள் கொடுக்கப்படும். படித்துப் பார்க்க 10 நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம், 10.15 முதல் 1.15 வரை எழுதும் நேரம். அறைக் கண்காணிப்பாளர் கையில் செல்போன் இருக்கக் கூடாது, புத்தகம் கூடாது, பேச்சு கூடாது. பறக்கும் படை எந்த நொடியும் வாசலில் வந்து நிற்கலாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் எதுவுமே நடக்காத ஓர் அறையை, ஏதாவது நடந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வகை வேலையை முதன்முதலில் அளந்தவர் நார்மன் மாக்வொர்த் என்ற பிரிட்டன் உளவியலாளர். இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த வீரர்கள் நேரம் ஆக ஆக எதிரியின் தடயத்தைத் தவறவிட்டார்கள். காரணம் தேடிய அவர், ஒரு கடிகார முள் எப்போதாவது ஒரு துடிப்பைத் தாண்டிக் குதிப்பதைக் கவனித்துச் சொல்லும் சோதனையை வடிவமைத்தார். 1948இல் வெளியான முடிவின்படி, முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் கணிசமாகச் சரிந்துவிடுகிறது. சலிப்பினால் கவனம் சிதறுகிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. ஒன்றும் நடக்காததைத் தொடர்ந்து கவனிப்பது மூளைக்குக் கடும் உழைப்பு. செய்து முடித்தவரிடம் மன அழுத்தத்தின் அறிகுறிகள் தெளிவாகத் தெரிகின்றன. தேர்வு டூட்டி முடிந்து வீட்டுக்கு வரும் ஆசிரியர் "சும்மா நின்னுட்டுதான் வந்தேன், ஆனா உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்வது மிகை இல்லை.

அழுத்தம் உடலுக்குள் என்ன செய்கிறது? மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ஒரு வேதிச் செய்தியை அனுப்புகிறது. பக்கத்திலேயே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதை வாங்கி இரத்தத்தில் இன்னொரு செய்தியை விடுகிறது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அந்தச் செய்தியைக் கேட்டு கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. உடல் செயலுக்குத் தயாராகிறது. அவசரம் தீர்ந்ததும் கார்ட்டிசாலே மூளைக்குத் திரும்பிப் போய் சுரப்பை நிறுத்தச் சொல்லும். நல்ல ஏற்பாடு, அவசரம் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தீரும் என்றால்.

அழுத்தம் இல்லாத நாளிலும் கார்ட்டிசாலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. விழித்தெழுந்த முதல் முக்கால் மணி நேரத்தில் அது வேகமாக உயர்ந்து, பகல் போகப் போக இறங்கி, நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்தைத் தொடும். இந்தக் காலை ஏற்றத்தை ஆசிரியர்களிடம்தான் பல ஆய்வாளர்கள் அளந்தார்கள். லண்டனில் ஆண்ட்ரூ ஸ்டெப்டோ குழுவினர் 105 பள்ளி ஆசிரியர்களின் உமிழ்நீரைச் சோதித்து 2000இல் வெளியிட்ட முடிவு இது: வேலைச்சுமை அதிகமாகவும் வேலையின் மேல் தன் பிடி குறைவாகவும் இருந்தவர்களுக்கு, காலை எட்டு மணி வாக்கில் கார்ட்டிசால் மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். முதல் மணி அடிப்பதற்கு முன்பே உடல் அன்றைய நாளோடு போராடத் தொடங்கிவிட்டது.

அதற்கு ஓராண்டு முன்னால், 1999இல், ஜெர்மனியில் ஜென்ஸ் ப்ரூஸ்னர் குழுவினர் 66 ஆசிரியர்களிடம் செய்த ஆய்வு இன்னும் முக்கியமானது. அழுத்தத்தை அதிகமாக உணர்ந்தவர்களுக்குக் காலைக் கார்ட்டிசாலின் ஏற்றம் கூடியிருந்தது. ஆனால் நெடுநாள் சோர்ந்து, உள்ளுக்குள் தீர்ந்துபோன நிலைக்கு வந்துவிட்டவர்களிடம் ஹார்மோனின் மொத்த அளவு குறைந்திருந்தது. இந்த இரண்டாவது நிலையைப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் தவறாகவே படிக்கின்றன. பரபரப்பாக ஓடும் ஆசிரியருக்கு அழுத்தம் இருப்பதாக எல்லாருக்கும் தெரிகிறது. எதற்கும் அசையாமல், முகத்தில் உணர்ச்சி இல்லாமல், சொன்னதை மட்டும் செய்துவிட்டுப் போகிறவரை "அக்கறை இல்லாதவர்" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் உடலில் எச்சரிக்கை மணி அடித்து அடித்து ஓய்ந்துபோயிருக்கலாம்.

இந்தத் தீர்ந்துபோதலை அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் மூன்று அடையாளங்களால் விவரித்தார்: உணர்வு வற்றிப்போவது, எதிரில் இருக்கும் மனிதர்களிடம் ஒட்டாமல் விலகுவது, தன் வேலைக்குப் பயனில்லை என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய் என்று வகைப்படுத்தாமல், வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட அழுத்தத்தின் விளைவு என்று வரையறுத்தது. பழுது ஆளிடம் இருப்பதாக அந்த வரையறை சொல்லவில்லை. வேலை அமைந்திருக்கும் விதத்தைப் பார்க்கச் சொல்கிறது.

அந்த விதத்தை விளக்க 1979இல் ராபர்ட் கராசெக் சொன்ன சூத்திரம் எளிமையானது. வேலை கடினமாக இருப்பதால் மட்டும் மனிதர் நோயாளியாவதில்லை. கடினமான வேலையில் முடிவெடுக்கும் உரிமையும் இல்லாதபோதுதான் உடல் தாங்குவதில்லை. கல்வியாண்டின் கடைசியில் ஒரு பத்தாம் வகுப்பு ஆசிரியரின் நிலைமையை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். அவர்மேல் வைக்கப்படும் எதிர்பார்ப்பு தேர்ச்சி சதவீதம். அதைத் தீர்மானிக்கும் காரணங்களில் எத்தனை அவர் கையில் இருக்கின்றன?

தூத்துக்குடியில் பிப்ரவரி முதல் உப்பளங்கள் சூடுபிடிக்கின்றன. வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடிக்க, அளத்துத் தொழிலாளர்கள் விடிவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்பிவிடுவார்கள். அந்த வீடுகளில் தம்பி தங்கைகளை எழுப்பி, சோறு கட்டி, பள்ளிக்கு அனுப்புவது பல நேரங்களில் பத்தாவது படிக்கும் அக்காதான். கடற்கரை ஊர்களில் கதை வேறு. தருவைக்குளம், வேம்பார், புன்னக்காயல், மணப்பாடு, பெரியதாழை என்று நீளும் அந்த வரிசையில், படிப்பில் கொஞ்சம் பின்தங்கிய பையனைக் கடல் எப்போதும் அழைத்துக்கொண்டே இருக்கிறது. தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகுத் தொழிலாளியின் வீட்டில் அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தில் இரண்டு மாதம் ஓட வேண்டும். இதையெல்லாம் கடந்து பிள்ளை தேர்வறைக்கு வந்து உட்கார வேண்டும், முப்பத்தைந்து மதிப்பெண்ணைத் தாண்ட வேண்டும். கணக்கு ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதில் பாதி அவர் கைக்கு எட்டாது.

2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வன்று தமிழ்நாட்டில் 50,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தேர்வறைக்கே வரவில்லை. அந்த எண்ணிக்கை மாநிலத்தையே அதிர வைத்தது. வராத பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்துவரும் பொறுப்பு யாரிடம் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. காலையில் தேர்வு டூட்டி, மாலையில் மாணவர் வீட்டுத் திண்ணை.

இவ்வளவுக்கும் நடுவில் தூத்துக்குடி மாவட்டம் 2025 பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் மாநிலத்தின் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. பெருமைப்பட வேண்டிய சாதனை அது. ஆனால் முன்வரிசையில் நிற்கும் மாவட்டத்தில் அழுத்தம் குறைவதில்லை, கூடுகிறது. 2017இல் தமிழ்நாடு அரசு மாநில, மாவட்ட ரேங்க் பட்டியலை நிறுத்தியது. மாணவர்கள் மேலிருந்த ஒரு பாரம் இறங்கியது. மாவட்டவாரியான சதவீதமும் பள்ளிவாரியான சதவீதமும் அப்படியே தொடர்கின்றன. ஆய்வுக் கூட்டத்தில் ஆசிரியர் எழுந்து நின்று பதில் சொல்வது அந்த எண்ணுக்குத்தான். ஐம்பது பேரில் நாற்பத்தொன்பது பேரைக் கரையேற்றியவரிடம் அந்த ஒருவரைப் பற்றித்தான் கேள்வி வரும். உழைப்புக்கும் கிடைக்கும் மதிப்புக்கும் நடுவே இப்படி ஒரு பள்ளம் விழுவதுதான் இதயத்தைத் தாக்கும் அழுத்தங்களில் முக்கியமானது என்று ஜெர்மானிய ஆய்வாளர் யோஹானஸ் ஸீக்ரிஸ்ட் 1990களில் காட்டினார்.

வெளிநாட்டு ஆசிரியர்களும் இதையேதான் சொல்கிறார்கள். வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி 2018இல் நடத்திய பெரும் ஆய்வில், அழுத்தத்துக்கு முதல் காரணமாக ஏறக்குறைய பாதிப் பேர் சுட்டிக்காட்டியது அலுவலக எழுத்து வேலையை. மாணவர்களின் தேர்ச்சிக்குத் தாங்களே பொறுப்பாக்கப்படுவது அதற்கு அடுத்தபடியாக வந்தது. குறும்புப் பிள்ளைகளை அவர்கள் முதலில் சொல்லவில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

ஆண்டுக் கடைசியின் அழுத்தம் மார்ச்சில் பிறப்பதும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தூத்துக்குடி மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகம். தாமிரபரணி கரைமீறி ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர்ப் பகுதிகளைச் சூழ்ந்தது. பள்ளிகள் நிவாரண முகாம்களாயின. பிள்ளைகளின் புத்தகங்கள் ஊறி உப்பிப்போயின; அரசு புதிதாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. பிளஸ் டூ பொதுத்தேர்வு மட்டும் தள்ளிப்போகவில்லை. 2024 மார்ச் 1ஆம் தேதி மாநிலம் முழுவதற்கும் ஒன்றுபோலத் தொடங்கியது.

வெள்ளம் பார்த்த ஆசிரியரின் கணக்கு அந்த ஆண்டு இப்படி ஓடியது. டிசம்பரில் தன் வீட்டுச் சேற்றையும் பள்ளிச் சேற்றையும் கழுவ வேண்டும். ஜனவரியில் அரையாண்டுத் தேர்வு. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வும் திருப்புதல் தேர்வும். மார்ச் முழுக்கப் பொதுத்தேர்வு, ஏப்ரல் 8இல் பத்தாம் வகுப்புக்கு முற்றுப்புள்ளி. நடுநடுவே தேர்தல் பயிற்சி வகுப்பு. ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. முந்தைய நாளே வாக்குச்சாவடிக்குப் போய், இயந்திரங்களை ஒப்படைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுநாள் பிறந்திருக்கும். நான்கு மாதங்களில் மூச்சுவிட ஓர் இடைவெளி இல்லை. இப்படித் தொடர்ந்து வரும் அழுத்தங்களை உடல் தனித்தனியாக மறப்பதில்லை, சேர்த்து வைத்துக்கொள்கிறது. இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை அளவு, தூக்கக் குறைவு என்று பல இடங்களில் அது பதிவாகிறது. இந்தச் சேர்ந்த சுமையை விளக்கும் கருத்தாக்கத்தை 1993இல் முன்வைத்தவர் புரூஸ் மெக்கீவென் என்ற நரம்பியலாளர். வெள்ள ஆண்டின் ஆசிரியரையும் சாதாரண ஆண்டின் ஆசிரியரையும் ஒரே சதவீதத்தால் அளந்தால் அந்த அளவுகோல் எதையோ பார்க்கத் தவறுகிறது.

குரலைப் பற்றிச் சொல்லாமல் ஆசிரியரின் உடலைப் பற்றிச் சொன்னதாகாது. பெண்களின் குரல்நாண்கள் பேசும்போது நொடிக்கு ஏறக்குறைய 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. சுற்றிலும் சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். 1911இல் எட்டியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்ட விளைவு இது. மேலே மின்விசிறி இரைய, ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் உறும, நாற்பது ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் காலை சிறப்பு வகுப்பு முதல் மாலை சிறப்பு வகுப்பு வரை பேசினால் நாண்கள் எவ்வளவு தாங்கும்? அமெரிக்காவில் நெல்சன் ராய் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்வில் ஒருமுறையாவது குரல் கோளாறு வந்ததாகச் சொன்ன ஆசிரியர்கள் 57.7 சதவீதம், மற்ற வேலைகளில் இருப்பவர்கள் 28.8 சதவீதம்தான். திருப்புதல் தேர்வுக் காலத்தில் வெந்நீர் பிளாஸ்க்கும் பனங்கற்கண்டும் ஆசிரியர் அறை மேசைக்கு வந்துவிடுவதன் காரணம் இதுதான்.

இந்தக் கரையில் கற்பித்துக் குரல் போனதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுப் பழமையான சான்றே இருக்கிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஊர் ஊராக நடந்து சிறுவர்களைக் கூட்டி மன்றாட்டுகளைத் தமிழில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், ஞானஸ்நானம் கொடுத்துக் கை ஓய்ந்துவிடுவதையும் சொன்னதையே சொல்லிச் சொல்லிக் குரல் அடங்கிவிடுவதையும் குறிப்பிடுகிறார்.

அதன்மேல் வெயில். உப்புக்கு வேண்டிய வெயில் வகுப்பறைக்கு வேண்டாத வெயில். உடல் தன் சூட்டை இறக்க நம்பியிருப்பது வியர்வை ஆவியாவதை. கடலோரக் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. அப்போது இதயம் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்ப வேண்டியிருக்கிறது; களைப்பு வேகமாக வருகிறது. இரவும் புழுங்கினால் ஆழ்ந்த தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்ட மறுநாள் பொறுமை குறையும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. 2025இல் தொடக்கப் பள்ளிகளின் ஆண்டுத் தேர்வை அரசு வெயிலை முன்னிட்டு முன்கூட்டியே நடத்தியது; சிறு பிள்ளைகளோடு அவர்களின் ஆசிரியர்களுக்கும் அது ஓர் உதவி.

பிறகு பேப்பர் திருத்தும் நாட்கள். பிளஸ் டூ விடைத்தாள் என்றால் காலையில் 12, பிற்பகலில் 12 என்பது பழக்கமான கணக்கு. ஒவ்வொரு விடையிலும் அரை மதிப்பெண்ணா ஒன்றா என்று முடிவெடுக்க வேண்டும். கூட்டலில் பிழை வரக் கூடாது. விடைத்தாள் நகலை மாணவர் வாங்கிப் பார்த்து மறுகூட்டலில் வேறுபாடு தெரிந்தால், திருத்தியவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அந்தப் பயம் நியாயமானதுதான், ஏனென்றால் ஒரு மதிப்பெண் ஒரு பிள்ளையின் கல்லூரியை மாற்றிவிடும். ஆனால் பயம் கவனத்தைக் கூட்டும் என்ற நம்பிக்கைக்கு ஓர் எல்லை இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில் 3 கோடிக்கும் மேற்பட்ட மதிப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்தார்கள். வரிசையில் பின்னால் திருத்தப்பட்டவர்களுக்கு மதிப்பெண் கொஞ்சம் குறைந்திருந்தது, குறிப்புகளும் கடுமையாக இருந்தன. திருத்துபவரின் களைப்பே காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள். நம் ஊரில் விடைத்தாளில் பெயரை மறைக்கிறோம், எண்ணை மாற்றுகிறோம். பன்னிரண்டாவது தாளைத் திருத்தும் கண்ணின் களைப்பை மறைக்க வழியில்லை. ஆசிரியரின் ஓய்வு மாணவரின் நியாயத்தோடு கட்டப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களில் பெண்களே அதிகம். ஸ்வீடனின் மரியான் ஃபிராங்கன்ஹாய்ஸர் 1980களின் இறுதியில் வோல்வோ நிறுவனத்தில் ஆண், பெண் ஊழியர்களின் அழுத்த ஹார்மோன்களை நாள் முழுக்க அளந்தார். வேலை நேரத்தில் இருவருக்கும் ஏறியது. மாலையில் வீட்டுக்குப் போனதும் ஆண்களுக்கு இறங்கியது. பொறுப்பான பதவியில் இருந்த பெண்களுக்கு இறங்கவில்லை. வீட்டில் அடுத்த வேலை காத்திருந்ததை உடல் அறிந்திருந்தது. ஆழ்வார்திருநகரிக்கோ விளாத்திகுளத்துக்கோ பஸ் பிடித்துப் போகும் டீச்சர், காலை எட்டு மணி சிறப்பு வகுப்புக்கு வந்து சேர எத்தனை மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்திருப்பார் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆசிரியரின் அழுத்தம் அவரோடு நின்றுவிடுவதும் இல்லை. கனடாவில் ஈவா ஓபர்லேயும் கிம்பர்லி ஷோனர்ட்-ரெய்ச்சலும் 17 வகுப்பறைகளில் 406 மாணவர்களின் உமிழ்நீரைச் சோதித்து 2016இல் எழுதினார்கள்: ஆசிரியர் அதிகம் தீர்ந்துபோயிருந்த வகுப்புகளில் பிள்ளைகளின் காலைக் கார்ட்டிசாலும் உயர்ந்திருந்தது. ஆசிரியரிடமிருந்து பிள்ளைக்கா, பிள்ளைகளிடமிருந்து ஆசிரியருக்கா என்பதை அந்த ஆய்வு தீர்க்கவில்லை. எந்தத் திசையாக இருந்தாலும், மாணவர் நலத்துக்குத் தனித் திட்டம், ஆசிரியர் நலத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்து வைப்பதற்கு அங்கே இடமில்லை.

விடுமுறை வந்ததும் எல்லாம் சரியாகிவிடுமா? மே முதல் வாரத்தில் காய்ச்சலோ ஒற்றைத் தலைவலியோ வந்து படுத்துவிடும் ஆசிரியர்கள் நிறையப் பேர். இதற்கு ஓர் ஒப்புமை கடலில் இருக்கிறது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுவிட்டது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நீருக்கடியில் நெடுநேரம் காற்றுக் குழாயில் மூச்சு வாங்கியவர் சட்டென்று மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாக மாறி மூட்டுகளையும் நரம்பையும் தாக்கும்; ஏறி வருவதிலும் ஆபத்து உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். அழுத்தத்திலிருந்து வெளியே வரும் உடலிலும் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது. நியூயார்க்கில் ரிச்சர்ட் லிப்டன் குழுவினர் 2014இல் வெளியிட்ட சிறு ஆய்வில், அழுத்தம் குறையத் தொடங்கிய முதல் ஆறு மணி நேரத்தில் ஒற்றைத் தலைவலி வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. பங்கேற்றவர்கள் 17 பேர் மட்டுமே என்பதால் அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. நெதர்லாந்தில் விடுமுறை தொடங்கியதும் நோய்வாய்ப்படும் வழக்கம் சுமார் 3 சதவீதம் பேருக்கு இருப்பதை அட் விங்கர்ஹூட்ஸ் 2002இல் பதிவு செய்திருக்கிறார்.

நீண்ட விடுமுறையின் பயனையும் அளந்திருக்கிறார்கள். ஜெசிகா டி ப்ளூம் குழுவினரின் 2013 ஆய்வில், சராசரியாக 23 நாள் விடுமுறை எடுத்தவர்களின் நலம் எட்டாம் நாள் வாக்கில் உச்சத்தைத் தொட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு இறங்கியது. எவ்வளவு நாள் விடுமுறை என்பதைவிட, அந்த நாட்களில் மனம் வேலையிலிருந்து எவ்வளவு விலகியது என்பதுதான் மீட்சியைத் தீர்மானிப்பதாக ஜெர்மனியின் சபீன் சோனென்டாக் பல ஆண்டுகளாகக் காட்டிவருகிறார். நம் ஆசிரியரின் மே மாதத்தை இதோடு ஒப்பிட வேண்டும். 2025இல் பிளஸ் டூ முடிவு மே 8, பத்தாம் வகுப்பு முடிவு மே 16. அதுவரை சதவீதத்தைப் பற்றிய படபடப்பு. அதற்குப் பிறகு தவறிய பிள்ளைகளுக்குத் துணைத்தேர்வுக்கான சிறப்பு வகுப்பு, மதிப்பெண் சான்றிதழ், சேர்க்கை. இவற்றின் நடுவே ஓயாத வாட்ஸ்ஆப் குழு. நாட்காட்டியில் விடுமுறை இருக்கிறது. மனம் விலகுவதற்கு அதில் எட்டு நாள் சேர்ந்தாற்போலக் கிடைப்பது அரிது.

மூச்சுப் பயிற்சியும் யோகாவும் பயன் தருபவைதான். உறக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருப்பவர்கள் தயங்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம். ஆனால் கராசெக்கின் சூத்திரம் மெய்யானால், பெரிய நிவாரணம் ஆசிரியரின் மூச்சில் இல்லை, அவருடைய கால அட்டவணையில் இருக்கிறது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டு முதல் கைவிடுவதாகத் தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் அறிவித்தது. மார்ச் மாதத்தின் மூன்று பொதுத்தேர்வு இரண்டாகக் குறைந்தது. கண்காணிப்பு, திருத்தம், முடிவுக் கூட்டம் எல்லாவற்றிலும் மூன்றில் ஓர் அடுக்கு கழிகிறது. எந்தப் பயிலரங்கமும் தர முடியாத நிவாரணம் இது.

பள்ளி அளவிலும் செய்யக்கூடியவை இருக்கின்றன. தேர்வறைப் பணியில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறையாவது மாற்று ஆளை அனுப்பிப் பத்து நிமிடம் உட்கார வைப்பதை மாக்வொர்த்தின் கடிகாரம் பரிந்துரைக்கும். வகுப்பறைக்கு ஒரு சிறு ஒலிபெருக்கி வாங்குவது தொண்டை மருத்துவச் செலவைவிட மலிவு. மே மாதத்தில் குறிப்பிட்ட பத்து நாட்களுக்கு அலுவலகக் குழுவில் எந்தச் செய்தியும் போடுவதில்லை என்று ஒரு தலைமையாசிரியர் முடிவெடுத்தால் அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

அடுத்த பெரிய சோதனைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இரண்டாம் கட்டம் 2027 பிப்ரவரியில். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியர்களைக் கல்வி அல்லாத பணிகளில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. பத்தாண்டுக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. அதே பிப்ரவரியில்தான் செய்முறைத் தேர்வுகளும் திருப்புதல் தேர்வுகளும் வரும். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் எடுக்கும் ஆசிரியர்களைக் கணக்கெடுப்புப் பட்டியலிலிருந்து நீக்குவதா, அவர்களின் பாடவேளையை யாரிடம் கொடுப்பது, வீடு வீடாகச் சென்ற நாட்களுக்கு ஈடாக எப்போது ஓய்வு தருவது என்பதை மாவட்ட நிர்வாகமும் கல்வித் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து 2026 அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே எழுதி வைத்துவிட முடியும்.